இன்றைக்கு ஒரு சந்தேகம்

— இல்ல அண்ணி, முழுசா கேக்காமலே வேண்டாம்னு சொல்றீங்க. ரெண்டே நிமிஷம். அந்தப் பேன்ட்டைக் கொஞ்சம் கீழ வைங்க.

— கைதானே வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு. நீ படி சிட்டு. சாயங்காலத்துக்குள்ள ஆறு பேன்ட்டுக்கும் அடி மடிச்சுத் தெச்சுக் கடையில குடுத்தாகணும்.

— சரி, படிக்கறேன். குறுக்க பேசக் கூடாது. "இன்றைக்கு ஒரு சந்தேகம்."

— அவர் ஆரம்பிக்கற மாதிரியே ஆரம்பிச்சிருக்கே.

— அண்ணி!

— சரி சரி. வாயைத் தெச்சுட்டேன். படி.

— "இன்றைக்கு ஒரு சந்தேகம். பதினேழு வருடம் வீடு வீடாகப் போய் கேஸ் கசிவு பார்த்த ஒருவர், படிக்கட்டு முழுக்க கேஸ் நாற்றம் அடிக்கும் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி வரை ஏறி, பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, இருட்டாக இருக்கிறதே என்று லைட் ஸ்விட்சைப் போடுவாரா? போட்டார் என்கிறார் அவரோடு வேலை பார்த்தவர். 'நான் நில்லு என்று சொன்னேன், அவர் கேட்கவில்லை' என்கிறார். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, இணையத்தில் இந்தப் பக்கத்தை எழுதிவந்த என் அண்ணன். அவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நாற்றமே இருந்திருக்காது. கீழே வால்வை மூடப் போன அந்தக் கூட்டாளி அதைத் தப்பான பக்கம் திருப்பிய பிறகுதான் கேஸ் பரவியிருக்க வேண்டும். வேறு எப்படியும் இது நடந்திருக்க முடியாது." அவ்வளவுதான். அதுக்குக் கீழ அந்தக் கூட்டாளி மீசையோட பேர், அவர் எந்த ஆபீஸ், எல்லாம் போட்டிருக்கேன்.

— பேரைப் போட்டுட்டியா?

— போட்டாச்சு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத் தானா வெளியாகற மாதிரி நேரமும் வெச்சாச்சு. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.

— செவ்வாய்க்கிழமைன்னு எனக்கு நீ சொல்லணுமா?

— வியாழக்கிழமை விசாரணை முடியுது அண்ணி. அதுக்குள்ள இதை வழக்கமா படிக்கற பத்தொன்பது பேர் படிச்சு, ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பினாக்கூடப் போதும். "இறந்தவருடைய கவனக்குறைவு"ன்னு ஒரே வரியில எழுதி ஃபைலை மூடிட்டுப் போக முடியாது. சத்தியமா சொல்றேன், என்னால அந்த வரியைப் படிக்க முடியாது.

— அது இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. "அவர் இறந்து ஏழு மாதம்"னு போட்டிருக்கே. அப்ப போன வாரம் வரைக்கும் வாரா வாரம் எழுதினது யாருன்னு படிக்கறவங்க கேக்க மாட்டாங்களா?

— அது... அதுக்கு ஒரு வரி சேத்துக்கலாம். அண்ணன் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஞாயித்துக்கிழமை உக்காந்து நாலஞ்சு ஒண்ணா எழுதி, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைக்கும் ஒண்ணுன்னு போட்டு வெச்சுடுவார். ஷிஃப்ட் மாறி மாறி வருதேன்னு. அது பாட்டுக்குத் தானா வந்துட்டே...

— அவர் போட்டு வெச்சது ஒன்பதுதானே சிட்டு?

— உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?

— டீ ஆறுது பாரு. குடிச்சுட்டுப் பேசு.

— அண்ணி, எப்பத்துலேர்ந்து?

— பத்தாவது செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு வரல. ஆறே காலுக்கு வரல. நான் உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?

— மறக்குமா அதெல்லாம்? அண்ணனைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக்கூட நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா போன்ல கத்தினீங்க. "வரல சிட்டு, இன்னிக்கு அவர் வரலடி"ன்னு. "அவர் எழுதினது வரல"ன்னு கூட சொல்லல.

— நீ என்ன சொன்னே?

— "நெட்டு ஸ்லோவா இருக்கும் அண்ணி, கொஞ்சம் பொறுங்க"ன்னேன். வெச்சுட்டுப் பல்லுகூட விளக்காம உக்காந்து எழுதினேன்.

— ஏழே முக்காலுக்கு வந்துச்சு. பதினோரு வருஷத்துல அவர் ஒரு தடவைகூட லேட் பண்ணினதில்ல. அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா சந்தேகப்பட மனசு வரல.

— நல்லா இருந்துச்சா? அந்த முதல் ஒண்ணு.

— பாரு, எழுதறவ புத்தி போகுதா உனக்கு? நல்லா இருந்துச்சு. வாஷிங் மெஷின் கையேடு எழுதற பொண்ணு எழுதினது மாதிரியே இல்ல.

— அண்ணன் என்னை ஓட்டுவாரே. "நானாவது பத்தொன்பது பேருக்கு எழுதறேன், நீ எழுதறதை மெஷின் ரிப்பேர் ஆனாத்தான் படிப்பாங்க"ன்னு.

— அதுவும் படம் மட்டும் பாப்பாங்கன்னுவார்.

— ஆமா! "முதலில் பிளக்கைப் பிடுங்கவும். அது ஒண்ணுதான் உன் இலக்கியம்"னுவார். ... சிரிக்காதீங்க அண்ணி. நீங்க சிரிச்சா எனக்கு அழுகை வருது.

— அழு. அதுக்கென்ன. நீ அழுது நான் பாக்கல இந்த ஏழு மாசத்துல.

— எங்க அழறது? திங்கக்கிழமை வந்தா அடுத்த செவ்வாய்க்கு என்ன எழுதறதுன்னு மண்டையைக் குடைஞ்சுட்டு இருப்பேன். பஸ்ஸுல போனா, அண்ணனா இருந்தா இதைப் பாத்து என்ன கேப்பார், இந்த ஆளோட குடையைப் பாத்து என்ன கேப்பார்னு. ஒருத்தர் செத்ததுக்கு அழணும்னா முதல்ல அவர் சாகணுமே அண்ணி. நான்தான் வாரா வாரம் எழுப்பி உக்கார வெச்சுட்டு இருந்தேனே.

— எனக்காகப் பண்ணினே.

— உங்களுக்குன்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் அந்த டீச்சரம்மா இருக்காங்களே, எல்லாத்துக்கும் கீழ வந்து "அருமையான கேள்வி தம்பி"ன்னு போடுவாங்களே, அவங்க ஒரு தடவை "இப்போதெல்லாம் உங்கள் எழுத்தில் ஒரு நிதானம் வந்திருக்கிறது"ன்னு எழுதினாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு பாருங்க, அதான் அசிங்கமா இருந்துச்சு.

— அதுல அசிங்கம் என்ன இருக்கு? அவரும் அதே ஜாதிதான். அந்த அம்மா பாராட்டிட்டா அன்னிக்கு ரெண்டு கரண்டி சோறு கூட இறங்கும். பாத்திரம்கூட விளக்கித் தருவார்.

— சரி, இதெல்லாம் ஒரு பக்கம். இனிமே என்னால எழுத முடியாது. நாளைக்கு வர்றதுதான் கடைசி. அது உண்மையா இருக்கட்டும். அண்ணன் பேர்ல இத்தனை நாள் பொய் எழுதினதுக்கு ஒரே ஒரு உண்மை.

— மீசை அண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க, தெரியும்ல?

— தெரியும். அதுக்காக?

— அவரை வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. நீ பேரைப் போட்டா அந்தப் பொண்ணுங்க படிக்கற இடத்துல எல்லாரும் போன்ல பாப்பாங்க. அப்புறம் நீ அழிச்சாலும் அழியாதும்பாங்களே.

— அழிய வேண்டாம். அண்ணி, நான் ஒண்ணு ஒண்ணா சொல்றேன், நீங்களே லாஜிக்கைப் பாருங்க. ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்து போறாங்க, பதினேழு வருஷப் பழக்கம். முதல் வேலை என்ன? வாசல்லயே நின்னு மோந்து பாக்கறது. ஒரு ஸ்விட்சையும் தொடக் கூடாது. அண்ணனே அதைப் பத்தி எழுதியிருக்கார். ரெண்டு. கையில கேஸ் காட்டற மீட்டர் இருந்துச்சு, ஆனா அது கெட்டுப்போன மீட்டர், ஒண்ணும் காட்டல. அதை விசாரணையிலயே ஒத்துக்கிட்டாங்க. சரி, மீட்டர் காட்டல. மூக்கு எங்க போச்சு? மூக்கு "அடிக்குது அடிக்குது"ன்னு கத்தும்போது ஒரு மனுஷன் கையில இருக்கற டப்பாவைப் பாத்துட்டு உள்ள போவாரா?

— மீசை அண்ணன் சொன்னாராம். "அடிக்குதுய்யா, நான் வால்வை மூடிட்டு வர்ற வரைக்கும் நில்லு"ன்னு. அவர் மீட்டரைக் காட்டி "சுத்தமா இருக்கே"ன்னாராம்.

— அதான் கேக்கறேன்! நம்பற மாதிரியா இருக்கு? மூணு. ரெண்டாவது மாடி அம்மா முதல்ல புகார் பண்ணும்போது "லேசா ஏதோ வருது"ன்னுதான் சொல்லியிருக்காங்க. இப்பக் கேட்டா "குடலைப் பிடுங்குச்சு"ங்கறாங்க. வெடிச்சதுக்கு அப்புறம் கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அண்ணன் மூக்கு எப்படிப்பட்ட மூக்குன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டறதுக்குள்ள "என்ன, வெங்காயம் வதக்கறியா? வாசனை தூக்குது"ம்பார்.

— வெங்காயம் வதங்கினா சத்தம் கேக்கும் சிட்டு.

— என்ன?

— ஒண்ணுமில்ல. நூல் தீந்துடுச்சு. அந்த டப்பாவுல கறுப்பு நூல் இருக்கு, எடு. ... மாசா மாசம் வர்றார், தெரியுமா?

— யாரு?

— மீசை அண்ணன். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை. மணி அடிப்பார். திறந்தா உள்ள வர மாட்டார். செருப்பைக்கூடக் கழட்ட மாட்டார், மிதியடி மேல நிப்பார். அஞ்சு நிமிஷம். முதல் மாசம் வந்தப்ப, "நான் சொன்னேம்மா, நில்லுன்னு சொன்னேன்"னார். ரெண்டாவது மாசமும் அதேதான். நான் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன்.

— குத்தம் குறுகுறுக்குது, வர்றார்.

— இந்த மாசம் வந்து என்ன சொன்னார் தெரியுமா? "ஒருவேளை நான் சொல்லவே இல்லையோ? சொன்னதா நானே நினைச்சுக்கிட்டேனோ? அவன் கேட்டிருந்தா நின்னிருப்பானேம்மா. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தா என் குரலே எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு நிக்கறார். அந்த மீசையெல்லாம் இப்ப இல்ல. வழிச்சுட்டார்.

— ... நீங்க என்ன சொன்னீங்க?

— தண்ணி வேணுமான்னு கேட்டேன்.

— நான் இரக்கமில்லாதவ இல்ல அண்ணி. ஆனா அவர் நல்லவரா இருக்கறதுனால அவர் சொல்றது நிஜம்னு ஆயிடுமா? ரெண்டுல ஒண்ணுதானே. ஒண்ணு மீசை சொல்றது பொய். இல்லேன்னா அண்ணன் புத்தி கெட்டுப்போய் உள்ள போனார். நீங்க எதை நம்பறீங்க?

— அவருக்குக் கால் எலும்பு விரிசல் விட்டுதே, உனக்கு ஞாபகம் இருக்கா? எட்டு வருஷம் ஆச்சு.

— இப்ப எதுக்கு அது?

— கேளேன். கால் சரியாகற வரைக்கும் ஒரு மாசம் ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சாங்க. ஜன்னல்கூட இல்லாத ரூம். குழாய் எத்தனை, போல்ட் எத்தனைன்னு எண்ணி எழுதற வேலை. அந்த ஒரு மாசம் இந்தப் பக்கத்துல ஒண்ணுமே வரல, நீ போய்ப் பாரு. உக்காருவார், இந்த லேப்டாப்பைத் திறப்பார், மூடுவார். "வீடு வீடா போனாத்தாண்டி எனக்குக் கேள்வி வருது. அடுத்தவங்க வீட்டு வாசல்ல நிக்கும்போதுதான் எனக்கு மூளையே வேலை செய்யுது"ன்னு சொல்வார். சாப்பாடு போட்டா சாப்பிடுவார், பேசினா பதில் சொல்வார். ஆனா ஒரு தடவைகூட "ஏன்"னு கேக்கல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஆள் ஏன் ஏன்னு உசிரை வாங்கறாரேன்னு சலிச்சுக்கிட்டவ நான். அந்த மாசம் பயந்துட்டேன் சிட்டு. பக்கத்துல யாரோ படுத்திருக்கற மாதிரி இருந்துச்சு.

— தெரியும், அப்ப வந்து பாத்தேனே. ஈரத் துணியைப் பிழிஞ்சு போட்ட மாதிரி இருந்தார்.

— ஆங். வெளிவேலை இல்லேன்னா அவர் அப்படித்தான் ஆயிடுவார். அது ஞாபகம் இருக்கட்டும் உனக்கு. இப்ப இதைக் கேளு. நீ எழுதினதுல நனைஞ்ச குடையைப் பத்தி ஒண்ணு இருக்கே, அதைப் படி.

— அதா? பதினாலாவதோ பதினஞ்சாவதோ. இருங்க. இந்த ஸ்பேஸ் பட்டன் வேற ரெண்டு தடவை அழுத்தினாத்தான்... ஆங். "இன்றைக்கு ஒரு சந்தேகம். மழைக்கு நனைந்த குடையை விரித்துக் காயவைத்திருந்தார்கள் ஒரு வீட்டு நடையில். அந்த ஈரக் குடையின் வாசனை, எனக்கு ஏன் என் முதல் வகுப்பறையை ஞாபகப்படுத்துகிறது?"

— அதுலதான் எனக்கு நிச்சயமாச்சு. இது அவர் இல்லைன்னு.

— ஏன்? அதுல என்ன தப்பு? நான் சும்மா எழுதல அண்ணி. அவர் நடை வரணும்னு முதல்லேர்ந்து எல்லாத்தையும் படிச்சேன். அவர் முதல் முதல்ல எழுதினதே வாசனையைப் பத்தித்தான். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை இருக்கிறது, அது அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?" எவ்வளவு அழகு! அந்த மாதிரி ஒண்ணாவது எழுதிடணும்னுதான் நான் குடையைப் பிடிச்சேன்.

— அழகாத்தான் எழுதினே. பழைய அவரை எழுதிட்டே. கடைசி மூணு வருஷத்துது ஏதாவது ஒண்ணை எடு.

— எதை? இது... "ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டினால் வரும் சத்தமும், ஆள் இருந்தும் திறக்காத வீட்டின் கதவைத் தட்டினால் வரும் சத்தமும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?"

— இன்னொண்ணு.

— "மாடிப்படி ஏறும்போது நம் காலடிச் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பவர் வந்திருப்பது யாரென்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்?" அடுத்தது தண்ணி சொட்டற சத்தம். அடுத்தது ஒரு வீட்டுக் கடிகாரம். ஆமா, கடைசில எல்லாம் சத்தமாத்தான் இருக்கு. நான் அதைக் கவனிச்சேன். எழுத எழுத ஆள் மாறியிருக்கார்னு நினைச்சுக்கிட்டேன். ... ஏன் அண்ணி அழறீங்க? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?

— அவர் மாறல. நீ அந்த நாளைக்கு வர்றதை அழி.

— அண்ணி...

— அழி சிட்டு. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல.

— அழிச்சுட்டு? வியாழக்கிழமை அவங்க "கவனக்குறைவு"ன்னு எழுதட்டும்னு விட்டுடறதா? நாளைக்கு ஆறு மணிக்கு என்ன வரும்?

— வேற ஒண்ணு வரும். நான் சொல்றேன், நீ அடி.

— நீங்களா? ஒரு வாழ்த்து மடல்ல பேர் எழுதச் சொன்னாலே "எனக்கு எழுத வராது, நீங்களே போடுங்க"ன்னு அண்ணன் கையில திணிப்பீங்க.

— ஏழு மாசமா ஒரே ஒரு பத்தியை மனசுக்குள்ள எழுதி எழுதி அடிச்சுட்டு இருக்கேன். அது இப்ப மனப்பாடம். அழிச்சியா?

— ... அழிச்சுட்டேன்.

— மீசை அண்ணன் பேர் போயிடுச்சா?

— போயிடுச்சு. எல்லாம் போயிடுச்சு, வெள்ளையா இருக்கு. சொல்லுங்க. யார் பேர்ல வரணும்? உங்க பேரைப் போடவா?

— இல்ல. அவர் பேர்லயே வரட்டும். இந்த உலகத்துல இருக்கற எல்லாத்தையும் பாத்து ஏன் ஏன்னு கேட்ட மனுஷன், என்னை மட்டும் ஒரு கேள்வி கேக்காமலே போயிட்டார். கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். ஒருவேளை விட்டும் குடுத்திருப்பேன். அவர் சார்பா அதை நானே கேட்டுடறேன். ஆறு மணிக்குச் சரியா வரணும். லேட் ஆகக் கூடாது. அப்புறம் அதையே ஒரு தாள்ல எடுத்துக் குடு, வியாழக்கிழமை நானே விசாரணைக்குக் கொண்டுபோறேன். போற வழியில மீசை அண்ணன் வீட்டுக்கும் போகணும். அவர் வாசல்ல இந்தத் தடவை நான் நிக்கறேன்.

— அண்ணி, எனக்கு என்னமோ பயமா இருக்கு.

— எனக்கும்தான். அடி. "இன்றைக்கு ஒரு சந்தேகம்."

— "இன்றைக்கு ஒரு சந்தேகம்." ம், அடிச்சுட்டேன்.

— "மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை, இதை ஆபீஸில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, என் மனைவி ஏன் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்?"